சேமிப்பும் கொடையும் சாகசமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணம், நன்கொடை, சாகச விளையாட்டு ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் சேர்த்தது ஏன்?

இம்மூன்றைப் பற்றியும் மக்கள் சொல்லும் கருத்துகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. கடன் வாங்கிச் செலவிடும்போதும், மனம் நெகிழ்ந்து கையிருப்பை அள்ளிக் கொடுக்கும்போதும், பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிக்கும்போதும் ‘என் பணம், என் உயிர், என் விருப்பம்’ என்று சொல்கிறோம். காரியம் கைகூடினால் அந்தப் பேச்சில் பிழையில்லை. கைகூடாமல் போகும்போதோ, கடனை அடைப்பவர் மனைவியாகவோ தந்தையாகவோ இருக்கிறார். மருத்துவச் செலவை உடன்பிறந்தவரோ அரசாங்கமோ ஏற்கவேண்டியிருக்கிறது. பனியில் சிக்கியவரைத் தேடி முன்பின் அறியாத சிலர் இரவில் மலையேறுகிறார்கள். ஆகவே, ‘இது தவறிப்போனால் இழப்பு யார் தலையில் விழும்?’ என்ற ஒரு வினாவை வைத்துக்கொண்டே இங்குள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன.

மூன்றையும் இணைத்துப் பார்ப்பது புதிய யோசனையும் அன்று. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் 476ஆம் குறள் நுனிக்கொம்புவரை ஏறியபின் அதற்கும் அப்பால் ஏற முயல்பவரைப் பற்றியும், 477ஆம் குறள் அளவறிந்து கொடுப்பதைப் பற்றியும், 478ஆம் குறள் வரவு சிறிதானாலும் செலவு விரியாதிருந்தால் கேடில்லை என்பதைப் பற்றியும் அடுத்தடுத்துப் பேசுகின்றன.

சேமிப்பு, கடன் அடைப்பு, கொடை, பொழுதுபோக்கு: எதற்கு முதலிடம் கொடுப்பது?

வட்டி மிகுந்த கடனை அடைப்பதற்கும், ஒரு சிறு அவசரகாலச் சேமிப்புக்கும் முதலிடம் தரவேண்டும். மற்றவற்றின் வரிசை அவரவர் விருப்பம்.

கடனை முன்னே வைப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு தொகை எத்தனை காலத்தில் இரட்டிப்பாகும் என்பதைத் தோராயமாக அறிய, 72 என்ற எண்ணை வட்டி விகிதத்தால் வகுத்தால் போதும். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி தரும் சேமிப்பு 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். மாதத்துக்கு 3 விழுக்காடு வட்டி ஏறும் கிரெடிட் கார்டு பாக்கியோ, கட்டாமல் விட்டால் 24 மாதங்களில் இரட்டிப்பாகிவிடும். ஒரு கையில் 6 விழுக்காட்டுச் சேமிப்பையும் மறு கையில் அந்தக் கார்டு பாக்கியையும் வைத்துக்கொண்டு ‘நான் ஒழுங்காகச் சேமிக்கிறேன்’ என்று சொல்பவர், ஓட்டைக் குடத்தில் நீர் மொள்பவரைப் போன்றவர். அதே 72, விலைவாசிக்கும் பொருந்தும். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறும் இடத்தில், பெட்டிக்குள் பூட்டி வைத்த பணத்தின் வாங்கும் திறன் 12 ஆண்டுகளில் பாதியாகிவிடும்.

அவசரகாலச் சேமிப்பு என்பது மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்குப் போதுமான, நினைத்த நாளில் எடுக்கக்கூடிய தொகை. வருமானத்தை வைத்துக் கணக்கிடாமல் செலவை வைத்துக் கணக்கிடுவது நல்லது. வேலை போன மாதத்தில் நின்றுபோவது வருமானம்தான், வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிற்பதில்லை. வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் இருப்பவர்களும், ஒருவர் சம்பளத்தில் பலர் வாழும் குடும்பத்தினரும் ஆறு மாதத்தையே குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். சாகச விளையாட்டில் ஈடுபடுபவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணுக்கால் முறிந்தால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை வேலைக்குப் போக முடியாத நிலை வரலாம். காப்பீடு மருத்துவமனைக்குப் பணம் கட்டிவிட்டாலும் அந்த வாரங்களின் குடும்பச் செலவு இந்தச் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும்.

‘வாழ்வது ஒருமுறைதான், சேர்த்து வைத்து என்ன கொண்டுபோகப் போகிறோம்’ என்கிறார்களே?

பாதி உண்மை. முதுமைக்கென்று எல்லாவற்றையும் ஒத்திவைத்தவர்களில் பலர், முழங்கால் ஒத்துழைக்காத வயதில் மலையைக் கீழிருந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சில அனுபவங்களுக்கு உடல் ஒரு கெடு வைத்திருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வாக்கியத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும், தாம் நாளையே இறந்துவிடுவது போலச் செலவு செய்கிறார்கள். நடைமுறையில் நிகழ்வதோ வேறு. செலவு செய்தவர் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழ்கிறார், அந்த ஆண்டுகளில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் தயவில் கழிக்கிறார். விரும்பிய பயணத்துக்குத் தனியாக ஒரு கணக்கு தொடங்கி மாதந்தோறும் சிறு தொகை போட்டுவரும் பழைய முறை சலிப்பூட்டுவதாகத் தோன்றலாம். அதற்கு ஓர் எதிர்பாராத பயன் உண்டு. பணம் சேரும் மாதங்களில் உடற்பயிற்சிக்கும் நேரம் கிடைக்கிறது. பணமும் உடலும் ஒன்றாகத் தயாராகின்றன.

சாகசப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

வேண்டாம். பயணம் ஒரு வாரத்தில் முடியும், தவணை இரண்டு ஆண்டுகள் ஓடும். காயம் பட்டால் சம்பாதிக்கும் திறன் குறையும் அதே மாதத்தில் தவணையும் வந்து நிற்கும் என்பதால், இந்தக் கடன் மற்றச் செலவுக் கடன்களைக் காட்டிலும் மோசமானது.

வருமானத்தில் எத்தனை விழுக்காடு கொடுப்பது முறை?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விழுக்காடு கிடையாது. சமயங்கள் வகுத்த அளவுகளைப் பார்த்தால் அவை எதை அடிப்படையாகக் கொள்கின்றன என்பதே வேறுபடுவதைக் காணலாம். கிறிஸ்தவ, யூத மரபுகளின் தசமபாகம் வரவில் பத்தில் ஒரு பங்கு. இஸ்லாத்தின் ஜகாத், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தில் 2.5 விழுக்காடு. முன்னது சம்பாதிக்கும் எல்லோரையும் தொடுகிறது. பின்னது மிச்சம் உள்ளவரை மட்டுமே தொடுகிறது. சம்பளம் முழுவதும் வாடகைக்கும் மருந்துக்கும் போய்விடும் ஒருவருக்கு இரண்டாவது முறையின் தர்க்கம் அதிக நியாயமாகப் படும். நல்ல சம்பளம் வாங்கியும் ஒன்றும் மிச்சம் பிடிக்காதவருக்கு, எடுத்த எடுப்பிலேயே ஒரு பங்கை ஒதுக்கும் முதல் முறைதான் வேலை செய்யும், ஏனெனில் அவரிடம் மிச்சம் என்று ஒன்று ஒருநாளும் இருக்கப்போவதில்லை.

விழுக்காடு எதுவானாலும் அதை ஆண்டின் தொடக்கத்தில், யாரும் கைநீட்டாத ஒரு நாளில் முடிவு செய்துகொள்வது நல்லது. கண்ணீர்க் காணொளியைப் பார்த்த கையோடு முடிவு செய்யும் தொகை மிகையாக இருக்கும், அல்லது மாதக் கடைசியாக இருந்தால் மிகக் குறைவாக இருக்கும். வலியறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளான 480, தன்னிடம் உள்ள அளவை எண்ணிப் பாராத ஒப்புரவு செல்வத்தை விரைவில் கெடுக்கும் என்கிறது. கொடுப்பதை உயர்த்திப் பேசிய ஒரு நூலே இந்த எச்சரிக்கையையும் விடுத்திருப்பது கவனிக்கத்தக்கது.

கடன் இருக்கும்போது தானம் செய்வது தவறா?

வீட்டுக் கடன் போன்று ஒழுங்காகக் கட்டிவரும் கடனிருந்தால் தவறில்லை. தவணை தவறிய கடன் இருந்தால், நீங்கள் கொடுக்கும் பணம் உண்மையில் உங்களுக்குக் கடன் கொடுத்தவருடைய பணம். அந்தக் காலத்தில் உழைப்பைக் கொடுக்கலாம், இரத்தம் கொடுக்கலாம். இரண்டையும் பெறுபவர் பணத்தை விடக் குறைவாக மதிப்பதில்லை.

நண்பர் கடன் கேட்கிறார், அல்லது ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். இதையும் உதவிக் கணக்கில் சேர்க்கலாமா?

கடனாகக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாத தொகை எது என்று முதலில் மனத்துக்குள் முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையை, கேட்டதில் பாதியே ஆனாலும், கொடையாகவே கொடுத்துவிடலாம். திரும்பி வந்தால் மகிழ்ச்சி. முழுத் தொகையையும் கடனாகக் கொடுத்துவிட்டு, நண்பர் புதுக் கைப்பேசி வாங்கியதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வாழ்க்கை இருவருக்கும் நரகம்.

ஜாமீன் வேறு வகை. பணம் கைமாறாததால் அது செலவில்லாத உதவி போலத் தோன்றுகிறது. பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி, கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் பொறுப்பாளி. வங்கி அந்தக் கையெழுத்தைக் கேட்பதே, அவரை மட்டும் நம்பிக் கொடுக்க அதற்கு மனமில்லை என்பதால்தான். கடன் கொடுப்பதில் தேர்ந்த ஒரு நிறுவனம் எடுக்கத் தயங்கும் இடரை, குடும்பத்தாரிடம் கேளாமல் ஒருவர் தன் பெயரில் எடுப்பதை எந்த வகைக் கொடையிலும் சேர்க்க முடியாது.

நிர்வாகச் செலவு அதிகமுள்ள தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது சரியா?

இது மிகப் பரவலான கருத்து, ஆனால் முழுமையானதன்று. கொடுத்த தொகையில் எத்தனை விழுக்காடு ‘நேரடியாக ஏழைகளுக்குப் போகிறது’ என்று மட்டும் பார்த்தால், கணக்குத் தணிக்கை செய்யாத, பயன் கிடைத்ததா என்று போய்ப் பாராத நிறுவனமே மேலானதாகத் தெரியும். தரமான கணக்காளருக்கும், களத்துக்குச் செல்லும் வண்டிக்கும், மருந்தைக் குளிரில் வைக்கும் பெட்டிக்கும் ஆகும் செலவு வீண் செலவாகாது. சமைக்கும் வீட்டில் அடுப்புக்கு ஆகும் செலவைப் போன்றது அது.

அதனால் கேட்கவேண்டிய கேள்வியை மாற்றலாம்: சென்ற ஆண்டு எதைச் செய்வதாகச் சொன்னீர்கள், எது நடந்தது, நடக்காமல் போனது எது? மூன்றாவது கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லும் நிறுவனங்கள் குறைவு, அவற்றை நம்பலாம். மாறாக, இன்றே அனுப்பாவிட்டால் ஓர் உயிர் போய்விடும் என்று நெருக்குவது, நிறுவனத்தின் பெயரில் கேட்டுவிட்டுத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வது, புகழ்பெற்ற அமைப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வைத்துக்கொள்வது ஆகியவை ஏமாற்றுவோரின் வழக்கமான வழிகள். அழைப்பை வைத்துவிட்டு, அந்த அமைப்பின் முகவரியை நீங்களே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தால் இவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பலாம்.

வரிச்சலுகைக்காகக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வரி. 20 விழுக்காடு வரி கட்டுபவர் 100 கொடுத்து முழு விலக்குப் பெற்றாலும் மிச்சமாவது 20தான். 80 அவர் கையை விட்டுப் போகிறது. வரியை மிச்சப்படுத்த மட்டுமே கொடுப்பதாகச் சொல்பவர் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார், அல்லது தன் இரக்கத்தை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறார்.

பேரிடர்க் காலத்தில் துணிமணி அனுப்புவது நல்லதா, பணம் அனுப்புவது நல்லதா?

பணம். யாரும் கேளாமல் வந்து குவியும் பழைய துணிகளைப் பிரிக்கவும் அடுக்கவும் ஏற்றவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மீட்புப் பணிக்கு வேண்டிய கிடங்கும் லாரியும் அதில் மாட்டிக்கொள்கின்றன. இன்ன பொருள், இத்தனை எண்ணிக்கை என்று களத்தில் இருப்பவரே கேட்டால் மட்டும் பொருளாக அனுப்பலாம்.

கொடுப்பதால் மகிழ்ச்சி கிடைக்கும் என்பது வெறும் உபதேசமா?

சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2008இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், காலையில் சிலருக்குச் சிறு தொகையைக் கொடுத்து, ஒரு சாராரை அதைத் தமக்காகவும் மறு சாராரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததாகத் தெரிவித்தனர். தொகை பெரிதா சிறிதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

நன்கொடை திரட்டுவதற்காகப் பாராசூட்டில் குதிப்பது, மலையேறுவது நல்ல காரியந்தானே?

நோக்கம் நல்லதே. கணக்கைத்தான் பார்க்கவேண்டும்.

ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் மருத்துவர்கள் ஐந்தாண்டுக் காலம் பாராசூட் காயங்களைக் கணக்கெடுத்து 1999இல் ‘இஞ்சுரி’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பக்கத்தின் மூன்று பொருள்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடம். தொண்டுக்காக நிதி திரட்டக் குதித்தவர்களில் 11 விழுக்காட்டினர் காயமடைந்தனர். கடுமையாகக் காயமடைந்தோர் மட்டும் 7 விழுக்காடு. ஒருவர் குதித்துத் தொண்டுக்குத் திரட்டித் தந்த தொகை சராசரியாக 30 பவுண்டு. காயமடைந்த ஒருவருக்குச் சிகிச்சையளிக்க அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவைக்கு ஆன செலவு சராசரியாக 3,751 பவுண்டு. எல்லாவற்றையும் கூட்டி வகுத்துப் பார்த்தபோது, தொண்டுக்குச் சேர்ந்த ஒவ்வொரு பவுண்டுக்கும் மக்களின் வரிப்பணத்தில் 13.75 பவுண்டு மருத்துவத்துக்குப் போயிருந்தது.

குதித்தவர் நல்ல மனத்தோடு குதித்தார். கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். எலும்பு முறிவுக்கு ஆன செலவை மட்டும் எந்தப் படிவத்திலும் கையெழுத்திடாத பொதுமக்கள் கட்டினார்கள்.

அந்த எண்களை இன்றைய எல்லாக் குதித்தல்களுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. தேர்ந்த பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் இருவர் முறையில், புதியவர் ஒரு பயணி மட்டுமே. தனியே தரையிறங்கும் புதியவருக்குரிய இடர் அவருக்கு இல்லை. இருப்பினும் நிதி திரட்டும் சாகசப் பயணம் ஒன்றில் சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேட்பது கடமை. பயணச் செலவைக் கட்டுவது நானா, என் பொருட்டுக் கொடுப்பவர்களா? திரட்டியதில் ஏற்பாட்டாளருக்கு எவ்வளவு, தொண்டுக்கு எவ்வளவு? பயணச் செலவு நன்கொடையிலிருந்தே எடுக்கப்படுகிறது என்றால், கொடுப்பவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் விடுமுறைக்கு உதவ அவர்களில் சிலர் மனமுவந்து முன்வரலாம், ஆனால் அவர்களுக்குத் தெரியாமல் அது நடக்கலாகாது. செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, வந்த பணம் முழுவதையும் தொண்டுக்கு அனுப்பிவிட்டால் எந்தக் கேள்வியும் எழாது.

இந்த விளையாட்டுகள் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தானவையா?

‘சாகச விளையாட்டு’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். இடரை அளக்க ‘மைக்ரோமார்ட்’ என்றோர் அலகு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு ஹோவர்டு வழங்கிய அந்த அலகின்படி, பத்து லட்சத்தில் ஒரு பங்கு இறப்பு வாய்ப்பு ஒரு மைக்ரோமார்ட். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கில் 2023இல் 36 லட்சத்துக்கும் மேற்பட்ட குதித்தல்களில் 10 பேர் இறந்தனர். ஒரு குதித்தலுக்கு ஏறத்தாழ 3 மைக்ரோமார்ட். எவரெஸ்ட்டில் அடிவார முகாமைத் தாண்டி ஏறுவோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இறக்கிறார். அது 10,000 மைக்ரோமார்ட். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது, மழைத்தண்ணீரையும் கடலையும் ‘நீர்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போன்றது.

எத்தனை முறை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு முறைக்கு லட்சத்தில் ஒன்று என்ற இடர் மிகச் சிறியது. அதையே ஆயிரம் முறை செய்பவருக்கு மொத்த இடர் நூற்றில் ஒன்றை நெருங்குகிறது. பிறந்தநாளுக்கு ஒருமுறை குதிப்பவரும் வார இறுதிதோறும் குதிப்பவரும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்வது இதனால்தான்.

தேர்ச்சி பெற்றவருக்கு விபத்து நேராது என்பதும் பொய். பாராசூட் விபத்துகளில் கணிசமானவை, பாராசூட் ஒழுங்காக விரிந்தபின், தரைக்கு மிக அருகில் வேகமாகத் திருப்பும்போது நேர்பவை. அப்படித் திருப்பத் துணிபவர் பெரும்பாலும் அனுபவசாலியே.

பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டால் போதாதா?

கேட்கவேண்டும், காரணத்தையும் தெரிந்துகொள்ளவேண்டும். காரணம் தெரிந்தவன் பதற்றத்திலும் மறக்கமாட்டான். காற்றுக்குடுவையைச் சுமந்துகொண்டு நீருக்கடியில் மூழ்கும் ஸ்கூபாவில் முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் நிரப்பிய நுரையீரலை மூடிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று இரு மடங்காக விரிய முயலும். கடைசி ஒன்றிரண்டு மீட்டரிலேயே நுரையீரல் கிழிந்துவிடக்கூடும். மூழ்கியெழுந்த கையோடு விமானம் ஏறக் கூடாது என்பதும் இதே அழுத்தக் கணக்குத்தான். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்கவேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஊர் திரும்பும் பயணச்சீட்டை வாங்குமுன் இதை எண்ணிப் பார்க்காதவர்கள், சீட்டுப் பணத்தை இழப்பதா உடலைப் பணயம் வைப்பதா என்ற நிலையில் வந்து நிற்கிறார்கள்.

மலையில் இதற்கிணையான விதி, 3,000 மீட்டருக்கு மேலே ஓரிரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒரு நாள் தங்கி ஓயவேண்டும் என்பது. மலிவான பயணத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இந்த ஓய்வு நாள்தான். இரண்டு திட்டங்களின் கட்டணம் பெரிதும் வேறுபட்டால், நாள்களை எண்ணிப் பாருங்கள்.

என்னிடம் ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது. அது இவற்றுக்கும் பொருந்தாதா?

பெரும்பாலும் பொருந்தாது, அல்லது அரைகுறையாகப் பொருந்தும். சாதாரண மருத்துவக் காப்பீடுகளிலும் பயணக் காப்பீடுகளிலும் ‘அபாயகரமான விளையாட்டுகள்’ என்ற விலக்கு, பத்திரத்தின் பின்பக்கங்களில் இருக்கும். அதைத் தேடிப் படிப்பதற்கு அரைமணி நேரம் போதும். ஆனால் நம்மில் பலர் காலணி வாங்குவதற்கு அதைவிட அதிக நேரம் செலவிடுகிறோம்.

விளையாட்டின் பெயர் பத்திரத்தில் எழுத்தில் இருக்கவேண்டும். ‘மலை நடை’ என்று இருந்தால் கயிறு கட்டி ஏறுவது அதில் அடங்காது. எத்தனை மீட்டர் உயரம்வரை, எத்தனை மீட்டர் ஆழம்வரை என்ற வரம்பையும் பார்க்கவேண்டும். வரம்பு 4,000 மீட்டர் என்றிருக்க நீங்கள் 4,200 மீட்டரில் நோயுற்றால் நிறுவனம் கைவிரிக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தேடுதல், மீட்பு, ஹெலிகாப்டர் ஆகியவற்றின் செலவு மருத்துவச் செலவிலிருந்து தனியே சொல்லப்பட்டிருக்கிறதா என்பது. மருத்துவமனை வாசலுக்கு வந்தபின் ஆகும் செலவை மட்டும் தரும் காப்பீடு, பாறை இடுக்கில் கிடப்பவருக்கு உதவாது. உரிமம் பெற்ற வழிகாட்டியோடு சென்றால் மட்டுமே செல்லும் என்ற நிபந்தனையும், மது அருந்தியிருந்தால் செல்லாது என்ற நிபந்தனையும் சாதாரணமாகக் காணப்படுபவை.

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ‘அபாயகரமான பொழுதுபோக்கு உண்டா’ என்ற கேள்வி இருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பிரீமியம் சற்று ஏறலாம். மறைத்தால் அந்தப் பொய்க்கு விலை கொடுப்பது, நீங்கள் இல்லாத நாளில் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலையும் உங்கள் குடும்பம்.

உபகரணத்தில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம்?

உயிரைத் தாங்காத எதிலும் பிடிக்கலாம். மேற்சட்டை, பை, கூடாரம், உறங்கு பை எல்லாம் வாடகைக்கோ பழையதாகவோ வாங்கலாம். கயிறு, இடுப்பில் கட்டும் ஹார்னஸ், ஹெல்மெட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கக் கூடாது, ஏனெனில் அவற்றின் வரலாறு கண்ணுக்குத் தெரியாது. கார் பேட்டரியின் அமிலம் பட்ட நைலான் கயிறு, பார்வைக்குப் புதிதாகவே இருந்துகொண்டு வலுவிழந்திருக்கும். ஒருமுறையும் பயன்படுத்தாவிட்டாலும் இவ்வகை நைலான் பொருள்களுக்கு ஏறத்தாழ பத்தாண்டு ஆயுளையே தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கிறார்கள்.

சொந்தக் கயிற்றையும் ஒவ்வொரு முறையும் சோதிக்கவேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்து, ஒவ்வொரு சாணிலும் சிறு வளையமாக மடித்துப் பாருங்கள். நல்ல இடத்தில் வளையம் உருண்டையாக நிற்கும். உள்நூல் நைந்த இடத்தில் அது தட்டையாக மடிந்துவிடும். விரலுக்கு அங்கே ஒரு மெத்தென்ற தொய்வு தெரியும். அப்படி ஓரிடம் தென்பட்டால் அங்கே வெட்டிவிடவேண்டும். விலையை நினைத்து ஒருவரும் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது, ஏனெனில் கயிற்றின் மறு முனையில் இருப்பவர் வேறொருவர்.

முழுப் பணமும் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று. வானிலை சரியில்லை என்றால் திரும்பிவிடத்தான் வேண்டுமா?

ஆம். கட்டிய பணம் நீங்கள் ஏறினாலும் திரும்பி வராது, இறங்கினாலும் திரும்பி வராது. அதனால் அது இந்த முடிவில் இடம்பெறும் தகுதியை இழந்துவிட்டது. நட்டத்தில் ஓடும் பங்கை ‘வாங்கிய விலையாவது வரட்டும்’ என்று வைத்திருப்பவரும் இதே தவற்றைச் செய்கிறார். ஆனால் மலையில் அதற்குக் கிடைக்கும் தண்டனை உடனடியானது.

1996 மே 10 அன்று எவரெஸ்ட்டின் தெற்குப் பக்கத்தில் ஏறிய வணிகக் குழுக்களில், பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை எட்டாதவர்கள் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தது. பெருந்தொகை கட்டி, பல வாரங்கள் காத்திருந்தவர்கள் அந்த நேரத்தைக் கடந்தும் ஏறினார்கள். மாலையில் புயல் வந்தது. அன்றும் மறுநாளும் மலையின் இரு பக்கங்களிலுமாக 8 பேர் இறந்தனர். வழிகாட்டிகளும் அவர்களில் அடக்கம்.

சிறிய அளவில் எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பாராகிளைடிங்குக்காக ஒரு சரிவின் விளிம்பில் ஆறு பேர் ஹார்னஸ் கட்டிக்கொண்டு நின்றோம். குச்சியில் கட்டிய துணிப்பட்டை எங்களை நோக்கி நேராக வீசாமல் பக்கவாட்டில் துடித்தது. சில நொடிகள் ஓய்ந்தது. பிறகு எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பியது. எதிர்காற்று வேண்டிய இடத்தில் முதுகுக் காற்று. நடத்தியவர், பணம் திரும்பக் கிடையாது என்ற விதியைச் சுட்டிக்காட்டி, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார். இருவர் ஹார்னஸைக் கழற்றினோம். மற்ற நால்வரும் பறந்து, நலமாகவே இறங்கி, இரவு உணவின்போது எங்களைக் கேலி செய்தார்கள். அவர்கள் நலமாக இறங்கியது காற்று அவர்களுக்கு அளித்த சலுகை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதன்பிறகு, வானிலை காரணமாக நின்றுபோனால் பணம் திரும்ப வருமா என்பதை முன்பணம் கட்டுமுன்பே எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பவருக்கு, கெட்ட காற்றில் நம்மைப் பறக்கவிடும் அவசியம் குறைவு.

குடும்பத்தார் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

புள்ளிவிவரம் சொல்லாதீர்கள், அவர்கள் பயப்படுவது எண்ணுக்கன்று. உங்கள் வருமானத்தை நம்பியிருப்பவர் யார், நீங்கள் ஓராண்டு படுத்துவிட்டால் என்ன நடக்கும், வங்கிக் கணக்குக்கு வாரிசாகப் பதிந்திருப்பவர் யார், காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பவற்றை ஒரே தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். எழுத உட்காரும்போது சில வரிகளுக்கு விடை இல்லாமல் போனால், குடும்பத்தாரின் மறுப்பில் நியாயம் இருக்கிறது, பயணத்தைத் தள்ளிவைக்கலாம். எல்லா வரிகளையும் நிரப்ப முடிந்தவருக்கு அனுமதி எளிதாகவே கிடைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மீட்பு அமைப்புகளுக்குப் பணம் கொடுப்பது தானமா, கட்டணமா?

இரண்டுக்கும் நடுவே. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் ஆர்என்எல்ஐ, 1824இல் தொடங்கிய ஒரு தொண்டு நிறுவனம். அதன் படகுகளில் செல்வோரில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அழைப்பு வந்ததும் ஓடிவருகிறார்கள். சுவிட்சர்லாந்தில் 1952இல் உருவான ரேகா என்ற வான்வழி மீட்பு அமைப்பை, ஆண்டுதோறும் சிறு தொகை கொடுக்கும் புரவலர்கள் தாங்குகிறார்கள். புரவலர் ஒருவர் மலையில் சிக்கி, அவருடைய காப்பீடு செலவை ஏற்காவிட்டால், அந்தச் செலவை ரேகா தள்ளுபடி செய்யலாம். செய்தே ஆகவேண்டும் என்ற சட்டக் கடமை அதற்கில்லை. அந்தத் தொகை காப்பீட்டு பிரீமியமாகக் கருதப்படுவதுமில்லை, நன்கொடைதான்.

மலைக்கோ கடலுக்கோ அடிக்கடி போகிறவர்கள், அந்தப் பகுதியில் இத்தகைய அமைப்பு ஏதேனும் இருந்தால், பயணச் செலவைத் திட்டமிடும்போதே அதற்கும் ஒரு வரி ஒதுக்குவது நல்லது. கட்டணம், போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றின் கீழே அந்த வரி வரட்டும். பயணம் சுகமாக முடிந்து வீடு திரும்பிய மறுநாள் அனுப்பினால் போதும். ஆனால் தொகையைப் புறப்படுமுன்பே எழுதிவிடுங்கள்.